தொட்டிச் செடிப் பூச்சிகள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாவுப்பூச்சிதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வடவள்ளி அக்கா: பால்கனிச் செம்பருத்தியில் நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்குதுங்க. மருந்து அடித்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடுகிறது. என்ன செய்யட்டுங்க?

பதில்: அக்கா, முதலில் தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான திரவத்தைக் கழிக்கும். எறும்பு அதற்காக வருகிறது. வந்த எறும்பு, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். அதனால் எறும்பை நிறுத்தாமல் எதை அடித்தாலும் பலன் நிற்காது. தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். கிளை சுவரைத் தொடக் கூடாது. கொசு முட்டையிடாமல் இருக்க அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அப்புறம், மொத்தமாக அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, சாயங்காலம் வேப்பெண்ணெய் அடியுங்கள். லிட்டருக்கு 5 மில்லி போதும். எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் குழைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். கரைசல் பால் நிறத்துக்கு வர வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். முட்டைப் பையின் மெழுகைத் தாண்டி மருந்து இறங்காது. அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் விடாமல் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

திருப்பூர் தம்பி: பல வருடத்துக்கு முன்னாலேயே குளவி விட்டு மாவுப்பூச்சியை ஒழித்துவிட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். அப்படியென்றால் எங்கள் செடியில் இருப்பது என்னங்க?

பதில்: அப்பா சொல்வது நடந்த சங்கதி. ஆனால் அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் சூறையாடியது. அடித்த மருந்தெல்லாம் தோற்றது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். வயல்கள் தேறின. ஆனால் அந்தக் குளவி மற்ற வகை மாவுப்பூச்சியைத் தேடிப் போகாது. உங்கள் பூச்சி ஒன்றை வெள்ளைத் தாளில் நசுக்கிப் பாருங்கள். மஞ்சள் சாறு வந்தால் பப்பாளி வகையாக இருக்கலாம், இளஞ்சிவப்பாக வந்தால் செம்பருத்தி வகையாக இருக்கலாம்.

பொள்ளாச்சி அண்ணன்: குளவி, வண்டு என்று காத்திருந்தால் செடி செத்துவிடும். பளிச்சென்று மருந்தடித்தால்தான் வேலை ஆகும்.

பதில்: இல்லைங்க அண்ணா, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் ஊர்த் தென்னையையே பாருங்கள். 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவி பெருகட்டும் என்றுதான் பூச்சியியல் துறையினர் சொன்னார்கள். நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை. கழுவுங்கள், வெட்டுங்கள், எறும்பைத் தடுங்கள். கடும் விஷம் அடித்தால் முதலில் சாவது குளவிதான், மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பித்துவிடும்.

திருப்பூர் தம்பி: சரிங்க. ஆனால் கூட்டத்துக்குள் பெரிதாக, வேகமாக நகரும் மாவுப்பூச்சி ஒன்று இருந்தது. அதை நசுக்கிவிட்டேன்.

பதில்: ஐயோ தம்பி, அது பெரும்பாலும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்கும், பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் மாவுப்பூச்சியைவிடப் பெரியது, விறுவிறுவென்று ஓடும். மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்பது அதுதான். இனி வெள்ளையாக ஓடுவதைத் தொடாதீர்கள். அண்ணன் சொல்கிற மருந்து கொல்வதும் இதைத்தான்.

ஈரோடு: மணி பிளான்ட்டைச் சுற்றிச் சின்னக் கருப்பு ஈக்கள் பறக்கின்றன.

பதில்: மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்டிருப்பீர்கள். மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று வையுங்கள்.

தாராபுரம்: ரோஜா இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படை மாதிரி இருக்கிறது.

பதில்: செம்பேன். எட்டுக்கால், பூச்சி இனமே இல்லை. உங்கள் பக்கத்து வறண்ட வெயிலில் செழிக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் தண்ணீரால் கழுவுங்கள்.

கோபி: செம்பருத்தியில் வெள்ளையாக...

பதில்: வடவள்ளி அக்காவுக்குச் சொன்னதை முழுக்கப் படியுங்கள். எறும்பு!

காங்கேயம்: தோட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் மிச்சம் இருக்கிறது. மாடித் தக்காளிக்கு ஒரு மூடி ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. காய்கறிக்கு அதை 2005-லேயே தடை செய்துவிட்டார்கள். ரோஜாவுக்கும் வேண்டாம், மாடியில் குழந்தைகள் நடமாடுவார்கள். தோட்டத்து விஷம் வீட்டு மாடிக்கு ஏறவே கூடாது.

உடுமலை: தென்னங்குருத்தை வண்டு தின்கிறது.

பதில்: வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். இங்கே தொட்டிச் செடி மட்டும்.

அன்னூர்: செம்பருத்தி, மாவுப்பூச்சி.

பதில்: எறும்பைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காரமடை அம்மணி: கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு. மருந்து அடிக்கட்டுமா? சமையலுக்குப் பறிக்கிற செடிங்க.

பதில்: அடிக்க வேண்டாம் அம்மணி. அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டியில் நாலைந்துதான் இருக்கும். கையால் எடுத்து, பக்கத்தில் எலுமிச்சை மரம் இருந்தால் அதில் விடுங்கள், அதையும் தின்னும். கொழுந்து சுருண்டிருந்தால் மட்டும் கிள்ளிவிடுங்கள், அது வேறு பூச்சி.