வடக்கில் முதலீடு: கடன் பிரிவில் இருந்தவரிடம் சில கேள்விகள்

வங்கிக் கடன் பிரிவில் நீண்டகாலம் இருந்தவன் என்பதால், இலங்கையின் வடமாகாணம் அரசுப் பணத்தை நம்பியே இருப்பதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாவகச்சேரி): கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதியைத் திருத்தினார்கள், 2014இல் ரயிலும் யாழ்ப்பாணம் வந்தது. தொழிற்சாலை மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: வீதி இரு பக்கமும் போகும். தெற்கிலிருந்து பிஸ்கட்டும் சவர்க்காரமும் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. இங்கிருந்து வெங்காயமும் மீனும் பதப்படுத்தாமல், பொதியிடாமல் அப்படியே போகின்றன. லாபம் எங்கே தங்கும்? பழைய பெருமையாக நாம் சொல்லும் காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும்கூட அரசு நிறுவனங்கள்தான். பெரிய தனியார் தொழில் இங்கே போருக்கு முன்பும் அரிது.

கேள்வி (பருத்தித்துறை): மிளகாய்த்தூள் ஆலையைப் பெரிதாக்கக் கடன் கேட்டேன். சீதனக் காணி என் பெயரில்தான் இருக்கிறது. கணவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் 2009இல் காணாமல் போனவர்.

பதில்: சகோதரி, வங்கி வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண், தன் சொந்தக் காணியை ஈடு வைக்கவும் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்த அனுமதியைப் பெறலாம். இதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். முதலீட்டாளர் மாநாடு நடத்தும் செலவில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இலவச சட்ட உதவி கொடுத்தால் எத்தனை ஆலைகள் ஓடும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் ஊருக்கு ஆடைத் தொழிற்சாலை வந்ததே?

பதில்: வந்தது, நல்லது. ஆனால் துணி வெளியிலிருந்து வருகிறது, தைத்த உடை வெளியே போகிறது. சம்பளம் மட்டும் இங்கே தங்குகிறது.

கேள்வி (டொரொன்டோ): நாங்கள் அனுப்பும் காசு ஏன் கல்யாண மண்டபமாகவே எழும்புகிறது?

பதில்: சுவர் எழும்புவதை நீங்கள் அங்கிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். கணக்குப் புத்தகம் அப்படித் தெரியாது. மைத்துனரை நம்பிக் கல் வாங்கக் காசு அனுப்புவீர்கள், கம்பனியின் பங்கை அவர் கையில் கொடுப்பீர்களா? ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யும் சிறு கம்பனிகள் பெருகும்வரை மண்டபங்கள்தான்.

கேள்வி (வவுனியா): அரசு செலவைக் குறைத்தால் தனியார் தானாக வருவார்களா?

பதில்: ஆசிரியரும் எழுதுவினைஞரும் மாதக் கடைசியில் வாங்கும் சம்பளத்தில்தான் உங்கள் ஊர்க் கடைகள் நடக்கின்றன. அதை வெட்டினால் முதலில் பூட்டப்படுவது தனியார் கடை. அளவைவிட, எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதே என் கவலை. குளிர்களஞ்சியம், நன்னீர், காணிப் பதிவேடு என்று செலவிட்டால் தனியார் பின்னால் வர வழி உண்டு.

கேள்வி (மானிப்பாய்): பட்டதாரி மகன் அரச உத்தியோகத்துக்கே காத்திருக்கிறான். எப்படித் திருத்துவது?

பதில்: அவனைத் திட்டாதீர்கள். ஓய்வூதியம் உண்டு, பெண் தருவார்கள், கடனும் சுலபம். சம்பளப் பத்திரத்தோடு வந்த அரச ஊழியருக்கு நாங்கள் மறுகேள்வி கேட்டதில்லை. பேக்கரி நடத்துபவர் வந்தால், பிணைக்கு இரண்டு அரச ஊழியரைக் கூட்டிவாருங்கள் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.