படகு வீடா, கிராமத்து வீடா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆலப்புழை போகிறோம். ஓர் இரவு படகு வீட்டில் தங்குவதா, பக்கத்துக் கிராமத்தில் ஹோம்ஸ்டே எடுப்பதா என்று குழப்பம். முன்பு போய் வந்த என் தங்கை குடும்பம், "படத்தில் பார்த்த படகு வேறு, கிடைத்தது வேறு. சாயங்காலமே கரையில் கட்டிவிட்டார்கள். ஏசியை ராத்திரிதான் போட்டார்கள்" என்று புலம்புகிறது. எதை நம்பிப் பணம் கட்டுவது?
வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் தங்கை சொன்ன மூன்றில் இரண்டு அங்கே வழக்கமாக நடப்பவைதான். மாலை ஐந்தரை மணிவாக்கில் படகு வீடுகள் கரை ஒதுங்கிவிடும். அதற்குமேல் காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரித்திருக்கும்போது படகு ஓடினால் வலை அறுந்துபோகும், அன்றைய பிழைப்பும் போய்விடும். ஏசியும் அப்படித்தான். 'டீலக்ஸ்' என்று விற்கும் படகுகளில் பெரும்பாலும் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை, படுக்கை அறையில் மட்டும்தான் ஓடும். பகலிலும் வேண்டுமென்றால் அதைவிட விலை கூடிய வகை. நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கும் பயணத்தில், படகு உண்மையில் ஓடுவது சில மணி நேரம்தான்.

குற்றம், பணம் வாங்கும்போது இதைச் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. வலைக்காகத்தான் நிறுத்துகிறோம் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் தங்கை மீனவர்கள் வலை போடுவதை ரசித்துப் பார்த்திருப்பார். சேவைத் தரத்தை அளக்கப் பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரி என்ற மூவர் 1988-இல் ஒரு முறையை வகுத்தார்கள். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் அதன் அடிப்படை. அதில் கட்டடம், மெத்தை போன்ற கண்ணுக்குத் தெரியும் வசதிகளைவிடச் சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் அதிக எடை பெற்றது. நாமோ படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறோம்!

இன்னொரு விஷயம், ஊர்க்காரர்கள். ஆலப்புழையில் வாய்க்கால்தான் பல வீடுகளுக்கு வாசல். அங்கேதான் துணி துவைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். நாள் முழுக்க டீசல் புகையும் பாட்டுச் சத்தமும் குளிக்கும் படித்துறைக்கு நேராகச் செல்போன் கேமராவும் வந்தால் எந்த ஊர் முகம் கொடுக்கும்? பயணிகளால் ஊருக்கும் பிழைப்பு நடக்கிற இடத்தில் நிலைமை வேறு. பக்கத்திலுள்ள குமரகத்தில் 2008-இல் 'பொறுப்புச் சுற்றுலா' தொடங்கியபோது, ஓட்டல்களுக்கு வேண்டிய காய்கறியை உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமிருந்து வாங்க ஏற்பாடு செய்தார்கள். கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் காட்டும் கிராமப் பயணங்களில் காசு நேராக அந்த வீட்டுக்கே போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் ரிசார்ட் அதைத் தர முடியாது.

அதனால் நான் சொல்வது: இரவு தங்க, வீட்டுக்காரர்களும் அங்கேயே குடியிருக்கும் ஹோம்ஸ்டே எடுங்கள். காலையில் உள்ளூர்க்காரர் ஓட்டும் சின்ன சிக்காரா படகில் போங்கள். பெரிய படகு நுழைய முடியாத வாய்க்கால்களெல்லாம் அதில் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் படகில் தூங்கியே ஆக வேண்டுமா? சரி, அப்படியென்றால் படகுத் துறையில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களைத் தவிர்த்துப் படகு உரிமையாளரிடமே பேசுங்கள். உங்களுக்குத் தரப்போகும் அதே படகின் பெயர், இன்றைய வீடியோ, ஏசி நேரம், எத்தனை மணி நேரம் ஓடும், சாப்பாட்டில் என்னென்ன அடக்கம், இவையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வர வேண்டும். வழியில் நிறுத்தி மீன், இறால் வாங்கச் சொன்னால் விலையும் சமையல் கூலியும் கேட்காமல் தலையாட்டாதீர்கள். பதிவுச் சான்றையும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டையும் கேட்க வெட்கப்படவே கூடாது. 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

கேள்வி: சொன்ன படகைத் தராமல் வேறொன்றைக் கொடுத்தால், வழக்குக்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது; 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். படகில் ஏறிய உடனே படம் எடுத்து, "பேசியது இது இல்லை" என்று உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். இறங்கிய பிறகு சொல்லும் புகாரைவிட அது வலுவானது.

கேள்வி: ரிசார்ட் பில்லில் 10 சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்' போடுகிறார்களே, அது ஊழியர்களுக்குப் போகிறதா?

பதில்: போகிறதா என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எனவே நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்தைச் சமைத்துப் போட்டவர், அறையைச் சுத்தம் செய்தவர் கையில் நேராகக் கொடுங்கள்.