கத்தி முத்திரை: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தாத்தா ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு பேனாக்கத்தி கிடைத்தது. அலகின் அடியில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை. ‘ஜி’, ‘ஆர்’ எழுத்துகளுக்கு நடுவே கிரீடம். மீதியெல்லாம் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வயது தெரியுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள் அம்மா. இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர் ஷெஃபீல்டு; நான் வாங்கிய முதல் ஷெஃபீல்டு கத்தியை அப்படித்தான் தேய்த்தேன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் கை சும்மா இருக்குமா? துருவோடு எழுத்தும் போய்விட்டது. இப்போது அதில் பேரிக்காய் நறுக்குகிறேன்.

நட்சத்திரமும் சிலுவையும் ஷெஃபீல்டு ஜோசஃப் ராஜர்ஸ் கம்பெனியின் அடையாளம். 1822-ல் அரண்மனைக்குக் கத்தி செய்துகொடுக்கும் அந்தஸ்து பெற்றவர்கள், அதனால் கிரீடம். பக்கத்து எழுத்துதான் அப்போது ஆட்சியில் இருந்தவர் யார் என்று சொல்லும்; ‘ஆர்’ என்பது லத்தீனில் ராஜா அல்லது ராணி. ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1901 வரை. ‘இ ஆர்’ என்றால் ஏழாம் எட்வர்டு, 1910 வரை. உங்கள் ‘ஜி ஆர்’ பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ. 1830-ல் இறந்த நான்காம் ஜார்ஜும் ‘ஜி ஆர்’ தானே என்று கேட்பீர்கள். ‘இங்கிலாந்து’ என்ற சொல் எங்காவது தெரிகிறதா பாருங்கள். எந்த நாட்டுச் சரக்கு என்று பொறிக்கச் சொல்லி அமெரிக்கா 1890-ல் சுங்கச் சட்டம் போட்ட பிறகுதான் அது பரவலானது. அது இருந்தால் நான்காம் ஜார்ஜை மறந்துவிடலாம்.

தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, பழந்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் ஊர்க் குளிரில் உறைந்து பிசுக்குப் பிடிக்கும். பிடி மான்கொம்பு என்றால் விற்கும் எண்ணமே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நம் கடமான் கொம்பு கப்பலேறி ஷெஃபீல்டு போய், கத்தியாகத் திரும்பி வந்த காலம் ஒன்று இருந்தது, அது வேறு கதை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த ‘கேஸ்’ கத்தியில் பெயருக்குக் கீழே ஏழு புள்ளிகள். ஏதாவது ரகசியமா?
- வாசகர், கூடலூர்

பதில்: ரகசியமில்லை, காலண்டர்! 1970-ல் கேஸ் கம்பெனிக்காரர்கள் பத்துப் புள்ளி வைத்தார்கள், ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஏழு என்றால் 1973. ஆனால் அவசரப்படாதீர்கள். 1980-ல் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அப்போது பெயரிலுள்ள ‘எஸ்’ எழுத்தை மின்னல் கீற்று மாதிரி ஒடித்து வரைந்தார்கள். உங்கள் ‘எஸ்’ வளைந்திருந்தால் பெரும்பாலும் 1973, ஒடிந்திருந்தால் 1983. பூதக்கண்ணாடி இல்லாமல் பந்தயம் கட்டாதீர்கள். நான் ஒரு முறை கட்டி, ஒரு கிலோ வர்க்கி வாங்கிக் கொடுத்தேன்.

கேள்வி: என்னிடம் இரண்டு சுவிஸ் சிவப்புக் கத்திகள். ஒன்றில் சிலுவை கேடயத்துக்குள், மற்றதில் முனை மழுங்கிய சதுரத்துக்குள். எது போலி?
- வாசகர், வெலிங்டன்

பதில்: அந்த வித்தியாசத்தை வைத்து எதையும் போலி என்று சொல்ல முடியாது. கேடயம் விக்டோரினாக்ஸ், சதுரம் வெங்கர். இரண்டும் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்த கம்பெனிகள்தான். 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. சதுரத்தைப் பத்திரமாக வையுங்கள், வெங்கர் பெயரில் இப்போது கத்தி வருவதில்லை. தோலுறையில் போட்டு மட்டும் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் தோல் ஈரம் குடிக்கும்.