மணலி சாலையில் இரவு ஓட்டும் பைக்குக்கு எந்த எல்.இ.டி. லைட் போடலாம்?

கேள்வி: மணலியில் ஒரு கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறேன். ராத்திரி பதினொன்றரை மணிக்கு 125 சிசி பைக்கில் (2018 மாடல்) எர்ணாவூர் திரும்புகிறேன். போன மாதம் எம்.எஃப்.எல். சந்திப்பு தாண்டி வரும்போது எதிரே ஒரு டிரெய்லர் சட்டென்று யு டர்ன் எடுத்துவிட்டது. மயிரிழையில் தப்பித்தேன். டிரைவர் இறங்கி வந்து, "உன் லைட்டைப் பார்த்தேன் தம்பி, இன்னும் தூரத்துல வர்றேன்னு நினைச்சேன்" என்றார். கடையில் விசாரித்தால் நாற்பது வாட் எல்.இ.டி. ஜோடி போடச் சொல்கிறார்கள், "பகல் மாதிரி அடிக்கும்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: அந்த டிரைவர் சொன்னது உண்மை. உங்களுக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் லைட் எரிந்தது, அவரும் பார்த்தார். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று கணக்குப் போடுவதில்தான் தவறிவிட்டார்.

இருட்டில் ஒற்றை லைட் என்பது ஒரு புள்ளி. காருக்கு இரண்டு லைட் இருப்பதால், அது கிட்டே வர வர இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும். அதை வைத்துத்தான் நம் கண் தூரத்தையும் வேகத்தையும் எடை போடுகிறது. பைக்கின் புள்ளி நேர் எதிரே வரும்போது அசையாமல் அங்கேயே நிற்பது போலத் தோன்றும், கடைசி நேரத்தில்தான் பெரிதாகும். டிரெய்லர் திரும்பி முடிக்கப் பத்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் நீங்கள் கிட்டத்தட்ட 140 மீட்டர் வந்துவிடுவீர்கள். தூரத்தைத் தப்பாகக் கணித்த டிரைவருக்குப் பாதி வழியில் வண்டியை நிறுத்தவும் முடியாது, பின்னால் எடுக்கவும் முடியாது.

நாற்பது வாட் ஜோடி போட்டால் அந்தப் புள்ளி பெரிய புள்ளியாகும், அவ்வளவுதான். கூச்சம் அதிகமானால் தூரம் கணிப்பது இன்னும் கஷ்டம். உங்களுக்கு வேண்டியது ஒரு முக்கோணம். மேலே ஹெட்லைட், கீழே லெக் கார்டின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சின்ன லைட். கீழே உள்ள இரண்டுக்கும் நடுவே அறுபது சென்டிமீட்டர் கிடைத்தாலே போதும். நூறு மீட்டரில் தெரியும் இடைவெளி ஐம்பது மீட்டரில் இரு மடங்காகத் தெரியும். வண்டி நெருங்குகிறது என்பதை டிரைவர் யோசிக்காமலே உணர்ந்துகொள்வார். அதனால்தான் இரண்டையும் ஹெட்லைட்டை ஒட்டி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மாட்ட வேண்டாம் என்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தூரத்திலிருந்து மூன்றும் ஒரே புள்ளியாகச் சேர்ந்துவிடும்.

லைட்டுக்குப் பத்து வாட், மிஞ்சிப் போனால் பதினைந்து வாட் போதும். நாற்பது வாட் ஜோடி என்றால் 80 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியருக்கு மேல் வருகிறது. 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். வண்டி ஓடும்போது, எஞ்சின் சுற்றுவதில் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயில் ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஐடிலில் நிற்கும்போது சார்ஜிங் குறைந்துவிடும், லைட் பேட்டரியைக் குடிக்க ஆரம்பிக்கும். ஒரு மாதம் இப்படிப் போனால் செல்ஃப் எடுக்காது. பத்து வாட் ஜோடி ஒன்றே முக்கால் ஆம்பியருக்குள் முடிந்துவிடும். டப்பாவில் அச்சிட்ட வாட்டை அப்படியே நம்பாதீர்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாட்டைவிட வெளிச்சம் விழும் விதம் முக்கியம். லைட்டை எரியவிட்டு ஓர் அட்டையின் மேல் அடித்துப் பாருங்கள். வட்டமாக, நடுவில் மட்டும் பளீரென்று விழுந்தால் அது ஸ்பாட் வகை, வேண்டாம். அகலமாகப் பரந்து, மேல் விளிம்பு கோடு போட்டது போல வெட்டி நின்றால் அது நல்ல ஃபாக் லைட். இந்த மேல் விளிம்பு உள்ள லைட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

நிறம் மஞ்சள். நீங்கள் வரும் வழியில் டிரெய்லர் ஹெட்லைட், யார்டு ஃபோகஸ் லைட், ஹைமாஸ்ட் எல்லாம் பெரும்பாலும் வெள்ளைதான். அதற்கு நடுவே தாழ்வாக வரும் இரண்டு மஞ்சள் லைட் தனியாகத் தெரியும். முன்பக்கம் சிவப்பு கூடவே கூடாது. நீலமும் அப்படித்தான். கண் சிமிட்டுவது போல ஃபிளாஷ் ஆகும் மாடலைச் சிலர் ரொம்பவும் பரிந்துரைக்கிறார்கள். அதுவும் வேண்டாம். விட்டு விட்டு எரிந்தால் இடைவெளியைக் கண்ணால் தொடர்ந்து பிடிக்க முடியாது, முக்கோணம் போட்டதன் பலனே போய்விடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் லைட் மாட்டினால் அந்த வெளிச்சத்தில் இண்டிகேட்டர் மறைந்துவிடும், அதுவும் மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சள் என்றால் கேட்கவே வேண்டாம். மாட்டிய பிறகு முப்பது மீட்டர் தள்ளி ஒருவரை நிற்கவைத்து, இண்டிகேட்டர் போட்டால் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ஒயரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் லைட்டைக் கொல்வது பெரும்பாலும் உப்புக் காற்றுதான். காசிமேட்டிலிருந்து ஒரு பைக் வந்தது, ஒரு பக்க லைட் எரியவில்லை. ஒயரை டேப் சுற்றி இணைத்த இடத்தில் பிரித்தேன். உள்ளே செம்பு பச்சையாக மாறியிருந்தது, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஒயரை வெட்டிக்கொண்டே போன பிறகுதான் நல்ல செம்பு கண்ணில் பட்டது. லைட்டில் ஒரு குறையும் இல்லை. ஆகவே சாதா இன்சுலேஷன் டேப் வேண்டாம். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிப் பிடிக்கும் உறை) போடச் சொல்லுங்கள், அல்லது ரப்பர் சீல் உள்ள வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் போடுங்கள். போல்ட் நட்டு எஸ்.எஸ்.-ஆக (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இருக்கட்டும். லைட் வாங்கும்போது ஐ.பி. 67 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது என்பது அதன் பொருள். மழைக்காலத்தில் வியாசர்பாடி பக்கம் போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கரண்ட்டை ஹெட்லைட் ஒயரில் கிள்ளி எடுக்க விடாதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக, பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், அதிலிருந்து ரிலே (சின்ன கரண்ட் சிக்னலில் இயங்கி, பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ரிலேயிலிருந்து லைட். ரிலேயை இயக்கும் சிக்னல் மட்டும் சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயரிலிருந்து வரட்டும். அப்போதுதான் வண்டியை நிறுத்தினால் லைட்டும் அணையும், மறந்துபோய் இறங்கினாலும் பேட்டரி காலியாகாது. கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஏ.சி. கரண்ட் மேக்னெட் காயிலிலிருந்து நேராகப் போகும். அதில் எல்.இ.டி.-யை இணைத்தால் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். இதைக் கேட்டு முழிக்கும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதிப்படி, முன்பக்க லைட் நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. ஸ்பாட் லைட்டுக்கு 111-ஆவது விதியில் தடை இருக்கிறது. கூடுதலாக மாட்டும் எதையும் போலீஸ் கேள்வி கேட்கலாம். தாழ்வாக, மங்கலாக, கீழ்நோக்கி வைத்தால் கேள்வி எழ வாய்ப்பு குறைவு.

அந்த எட்டு மீட்டரை வைத்து வீட்டிலேயே சரிபார்க்கலாம். சமதளமான சந்தில் சுவரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, ஒருவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள். டிம்மில் ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். புது லைட்டின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒரு சாணாவது கீழே இருக்கட்டும்.

இந்த லைட்டெல்லாம் எதிரே வருபவருக்குத்தான். டிரெய்லரின் இடப்பக்கம் கேபினுக்குக் கீழே, அல்லது அதன் மூக்கை ஒட்டி முன்னால் நீங்கள் நின்றால் எந்த லைட்டும் டிரைவர் கண்ணுக்கு எட்டாது. அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தங்குங்கள். பின்னாலிருந்து வருபவருக்காக மட்கார்டிலும் ஹெல்மெட் பின்பக்கத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள். அதற்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வாரம் ஒருமுறை டெயில் லைட்டையும் புது லைட்டின் கண்ணாடியையும் ஈரத் துணியால் துடையுங்கள். மணலித் தூசி ஒரே வாரத்தில் படிந்துவிடுகிறது.

அப்புறம் ஒன்று. லைட் மாட்டி ஒரு வாரம் ஓட்டியதும் பிராக்கெட் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். நம் குழிகளில் விழுந்து எழுந்தால் எப்படியும் தளரும், லைட் நிமிர்ந்து எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். அதற்குத்தான் அந்தச் சாக்பீஸ் கோட்டை உடனே அழிக்க வேண்டாம்.