திண்ணையில் சிரித்தவர்களும் ஒரு கொத்தனாரும்

கேள்வி: எனக்கு வயது 46. ஸ்கூட்டி ஓட்ட ஆசைப்பட்டு எல்.எல்.ஆர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. முதல் நாளே தெருவில் வண்டியோடு சாய்ந்துவிட்டேன், எதிர்வீட்டுத் திண்ணையில் சிரித்தார்கள். அதோடு வண்டியைத் தொடவில்லை. கணவரும் "இந்த வயசுல இது தேவையா?" என்கிறார். ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காமல் இருப்பது எப்படி?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காதில் வாங்கவே கூடாது என்று யார் சொன்னது? நான் வண்டி பழகினது 39 வயதில். ஒரு வீட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த எம்சாண்ட் குவியலில் நேராகப் போய் ஏறினேன். சாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஒரு கொத்தனார் மட்டும் இறங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அக்கா, மணலையே பாத்தா வண்டியும் அங்கதான் போகும், தூரமா பாருங்க" என்றார். அதுவும் அடுத்தவர் பேச்சுதானே! இன்றைக்கும் வண்டி எடுத்தால் அவர் சொன்னது ஞாபகம் வரும். சிரித்த முகம் ஒன்றுகூட நினைவில்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் வெளிவந்தது. போடவே கூச்சமாக இருக்கும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டீ ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது படத்தைப் பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், விசாரித்தால் கால்வாசிப் பேருக்குத்தான் அது யார் படம் என்று தெரிந்திருந்தது. சரி, நீங்கள் டமாலென்று விழுந்திருக்கிறீர்கள், டீ ஷர்ட் மாதிரி இல்லை, கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். ஆனால் திண்ணைக்கு அன்று சாயங்காலமே வேறு பேச்சு கிடைத்திருக்கும். இரண்டு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் கணவர் சொல்வதைத் திண்ணைப் பேச்சோடு சேர்க்காதீர்கள். கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் பல ஆண்கள் வாயில் இப்படித்தான் எரிச்சலாக வரும். பயமா, இல்லை அவருக்கும் நாலு பேர் கவலைதானா என்று நேராகவே கேளுங்கள். பயம் என்றால் ஹெல்மெட், காலி மைதானம், காலை ஆறு மணி என்று சமாளித்துவிடலாம்.

அப்புறம், எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதில் இரண்டு மாதம் போய்விட்டது, லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டு போடவும் இனிமேல்தான் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரையே மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடட்டும், தொப்பையும் கொஞ்சம் குறையும்.