ஸ்லீப் அப்னியாவுக்கு நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி வைக்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் அப்பாவுக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெசின் வாங்கியாயிற்று, ஆனால் நடுச்சாமத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். அதற்குப் பதிலாக நரம்பைத் தூண்டும் கருவியை உடம்புக்குள் வைத்தால் என்ன?

அந்தக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு மாஸ்க்கோடுதான் மல்லுக்கட்டுவேன். நான் மருத்துவன் இல்லை, சுன்னாகத்தில் அதே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுப்பவன்.

தூக்கத்தில் நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைப்பதுதான் பலருக்கு வில்லங்கம். நாக்கை அசைப்பது பன்னிரண்டாவது மண்டை நரம்பு. தாடைக்குக் கீழே அதன் கிளையொன்றில் மின்முனையைச் சுற்றி, வயரைத் தோலுக்கு அடியால் இறக்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த பேஸ்மேக்கர் மாதிரியான கருவியோடு இணைக்கிறார்கள். நீங்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது அது நரம்பைத் தூண்டும், நாக்கு முன்னால் வரும், வழி திறக்கும். இன்ஸ்பயர் என்ற கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் சிபாப் ஒத்துவராத 126 பேர். மணிக்கு 29 தடவையளவில் இருந்த மூச்சுத் தடங்கல் (இடைநிலை அளவு) ஒரு வருடத்தில் 9 ஆகக் குறைந்தது.

ஜேர்மனியில் இருக்கும் என் அத்தானுக்கு இது வைத்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், விறாந்தையில் இருந்து வாயைத் திறந்துகொண்டு ரிமோட்டை அமத்திக் காட்டினார். நாக்கு தானாகவே ஒருமுறை உந்தி முன்பல்லைத் தொட்டுவிட்டுப் போனது. சின்னன்கள் விடவில்லை, “இன்னொருக்கா, மாமா!” என்று ஒரே கரைச்சல். “கரண்ட் அடிக்கிற மாதிரி இல்லையடா, ஆரோ உள்ளுக்கிருந்து தள்ளுற மாதிரி இருக்கும்” என்றார். படுக்கும்போது ஆன் செய்தால் அரைமணி நேரம் பொறுத்து, ஆள் தூங்கின பிறகுதான் தொடங்குமாம்.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதமளவில்தான் கருவியை இயக்கினார்கள். அதன் பிறகு மின்னளவைக் கூட்டிக் குறைக்க வைத்தியசாலைக்கு அலைந்து, அங்கேயே ஒரு இரவு தூங்கியும் காட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 11 வருடத்தில் பற்றரி முடிந்தால் கருவியை மாற்ற வேண்டும். காசைப் புரட்டி வெளிநாட்டில் வைத்துக்கொண்டு வந்தாலும், ஊரில் அதை யார் சரிபார்ப்பது? டொக்டரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அமெரிக்காவில் கருவியும் சத்திரசிகிச்சையும் 30 ஆயிரம் டொலரைத் தாண்டும். எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை: மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைத்துத் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்ப்பார்கள். அண்ணத்துப் பக்கம் சுற்றிவர ஒரேயடியாகச் சுருங்கினால் இந்தக் கருவி வேண்டாம் என்றுவிடுவார்கள். உடல் எடைக்கும் வரம்பு உண்டு.

சரி, மாஸ்க்குக்கு வருவோம். அப்பா ஏன் கழற்றுகிறார் என்று கேட்டீர்களா? மீசைக்கு மேலால் காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தால் யாரும் கழற்றத்தான் செய்வார்கள். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன வகை இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் ஈஎன்டியிடம் காட்டுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் புழுதிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைபடும், அடிக்கடி மாற்றுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயமா? 2022 மின்வெட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. பல மெசின்களை உரிய அடாப்டரோடு 12 வோல்ட் பற்றரியில் ஓட்டலாம். ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டால் பற்றரி கூடநேரம் தாங்கும்.

அம்மாவுக்குத் தூக்கமே வருவதில்லை, காதில் மாட்டும் நரம்புக் கருவியை ஒன்லைனில் வாங்கவா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். அது வேகஸ் என்ற வேறு நரம்பு, வேறு நோய். தூக்கமின்மைக்கு அதில் ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் முதல் சிகிச்சை இன்றும் தூக்கப் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சிதான். அதற்கு முன், இரவில் கால் குறுகுறுத்து, அசைத்தால்தான் ஆறுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவால் அப்படி வருவதுண்டு. மருந்துக்கும் அடங்காத அந்தக் கால் தொல்லைக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி நரம்பைத் தூண்டும் பட்டி ஒன்று அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றிருக்கிறது. ஆனால் பரிசோதனை முடிவு வரும்வரை அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.