பிரதமர் மாறினால் மதிப்பெண் மாறுமா?

டப்ளினை அடுத்த லூக்கனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மகளுக்குப் பதிமூன்று வயதானபோது கோவையிலிருந்து இங்கே வந்தோம். இப்போது பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டான ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள்; 2027 ஜூனில் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட் எழுதுவாள். ஐரிஷ் மொழியிலிருந்து விலக்கு வாங்கிவிட்டோம். இந்த நாட்டில் பிரதமரும் கல்வி அமைச்சரும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வருடம் மதிப்பெண்ணை ஏற்றுகிறார்கள், இன்னொரு வருடம் இறக்குகிறார்கள். இதை நம்பி எப்படித் திட்டமிடுவது? கணக்குப் பாடத்தில் உயர்நிலையிலேயே இருக்கட்டுமா, சாதாரண நிலைக்கு இறங்கிவிடலாமா?”

கடைசிக் கேள்விதான் உங்கள் கையில் இருப்பது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அயர்லாந்தில் ஒரே பாடத்தை இரண்டு நிலைகளில் எழுதலாம். உயர்நிலைத் தரங்கள் எச்1 முதல் எச்8 வரை. சாதாரண நிலையில் ஓ1 முதல் ஓ8 வரை. 90 சதவீதமும் அதற்கு மேலும் எச்1, 80 முதல் எச்2 என்று பத்துப் பத்தாக இறங்கும். 30-க்குக் கீழே எச்8. இந்த ஏற்பாடு 2017-இல் வந்தது. அதற்கு முன் படித்த யாராவது “ஏ1, பி3” என்று அறிவுரை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்லூரி இடத்தை முடிவு செய்வது தரம் அல்ல, தரத்துக்கு ஈடாகக் கிடைக்கும் புள்ளி. எச்1-க்கு 100, எச்2-க்கு 88, எச்3-க்கு 77, எச்4-க்கு 66, எச்5-க்கு 56, எச்6-க்கு 46, எச்7-க்கு 37, எச்8-க்கு ஒன்றுமில்லை. சாதாரண நிலையில் முழுக்க முழுக்க எழுதி ஓ1 வாங்கினாலும் 56-தான். ஓ2-க்கு 46, ஓ3-க்கு 37. கணக்கில் மட்டும் ஒரு சலுகை உண்டு: உயர்நிலையில் எச்6 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கூடுதலாக 25 புள்ளி. சிறந்த ஆறு பாடங்களைக் கூட்டுவார்கள், உச்சம் 625.

உங்கள் மகளுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் எச்3, உயிரியல் எச்2, வேதியியல் எச்3, வணிகவியலும் பிரெஞ்சும் எச்4 என்று வைத்துக்கொண்டால் ஐந்து பாடங்களுக்கு 374. கணக்கில் உயர்நிலை எழுதி 40 சதவீதம் எடுத்தால் 46-உம் 25-உம் சேர்ந்து 71, மொத்தம் 445. சாதாரண நிலையில் ஓ1 வாங்கினால் 430. உயர்நிலையில் 39-இல் நின்றுவிட்டால் வெறும் 37, மொத்தம் 411. கணக்குத் தாள்கள் இரண்டுக்கும் சேர்த்து 600 மதிப்பெண். அதில் 239-க்கும் 240-க்கும் நடுவில் இருப்பது ஒரு மதிப்பெண், ஆனால் புள்ளியில் 34. எச்7-இலிருந்து எச்8-க்கு விழும்போது போகும் 37-ஐ விட்டால், இந்த நாட்டுத் தேர்வு முறையிலேயே மிகச் செங்குத்தான படி இதுதான்.

ஐரிஷ் விலக்கு இங்கேதான் உதைக்கும். மற்ற பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு பாடம் எழுதி, சறுக்கிய ஒன்றைக் கழித்துவிடுவார்கள். ஐரிஷ் இல்லாமல் உங்கள் மகளிடம் ஆறுதான் இருக்கிறது என்றால், கணக்கில் சறுக்கினாலும் அதைக் கழிக்க வழியில்லை. ஏழாவதாக ஒரு பாடம் எடுக்க முடியுமா என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள். தமிழை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். லீவிங் சர்ட் பட்டியலில் தமிழ் இல்லை.

ஆறாம் ஆண்டில், வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில், ‘மாக்’ என்று பிள்ளைகள் சொல்லும் மாதிரித் தேர்வு வரும். அதில் உயர்நிலைக் கணக்கில் 35-ஐத் தாண்டிவிட்டால் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். 25-ஐச் சுற்றியே நின்றால் இறங்குவதில் வெட்கமில்லை. எச்8 வந்தால் புள்ளியும் போகும், பல படிப்புகளின் குறைந்தபட்சத் தகுதியும் போகும். பொறியியல் ஆசை இருந்தால் மட்டும் பேச்சே வேறு. பெரும்பாலான பொறியியல் பட்டங்களுக்குக் கணக்கில் எச்4 வேண்டும்.

இனி அரசியல். அயர்லாந்தில் பிரதமரை டீஷக் என்பார்கள். 2020 ஜூன் முதல் 2025 ஜனவரிக்குள் அந்த நாற்காலி நான்கு முறை கைமாறியது: லியோ வரத்கரிடமிருந்து மீஹால் மார்ட்டினுக்கு, மீண்டும் வரத்கருக்கு, பிறகு சைமன் ஹாரிஸுக்கு, மறுபடி மார்ட்டினுக்கு. பார்க்கப் பதற்றமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபியானா ஃபாயில், ஃபினா கேல் என்ற இரண்டு பழைய போட்டிக் கட்சிகள் கூட்டணி சேர்ந்து, முறைவைத்து உட்காருவதால் வந்த மாற்றம் இது. நான்கு முறையும் நான் மேலே சொன்ன அட்டவணையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. அடுத்த கைமாற்றம் கூட்டணி ஒப்பந்தப்படி 2027 நவம்பரில். அப்போது உங்கள் மகள் கல்லூரியில் முதல் பருவத்தில் இருப்பாள்.

அசைந்தது வேறு. கொரோனாவால் 2020 கோடையில் தேர்வு நடக்காது என்று வரத்கர் அரசு மே 8 அன்று அறிவித்தது. ஆசிரியர்கள் மதிப்பிட்டுத் தருவதை ஒரு சூத்திரத்தில் இட்டுச் சீர்செய்வது திட்டம். பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாறும் அந்தச் சூத்திரத்தில் ஓர் உறுப்பு. ஆகஸ்டில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இதே மாதிரியான சூத்திரத்தால் ஏழைப் பகுதிப் பிள்ளைகளின் தரம் வெட்டப்பட்டு, ஊரே கொதித்து, அரசுகள் பின்வாங்கின. அதைப் பார்த்த புதிய கல்வி அமைச்சர் நோர்மா ஃபோலி, முடிவு வெளியாக ஒரு வாரம் இருக்கும்போது பள்ளி வரலாற்றைத் தூக்கிவிட்டார். நியாயமான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். விலையும் இருந்தது: தரங்கள் மளமளவென்று ஏறின. செப்டம்பர் இறுதியில் கணினி நிரலில் பிழை இருந்தது தெரியவந்தது. மார்ட்டினே நாடாளுமன்றத்தில் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தரத்தை உயர்த்தினார்கள். தவறுதலாகக் கூடுதல் கிடைத்தவர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை.

ஏற்ற ஒரே கோடை போதும். இறக்குவதற்கு எந்த அமைச்சருக்குத் துணிவு வரும்? 2021-இல் இன்னும் ஏறியது. 2022 முதல் 2024 வரை, விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபின் மொத்த முடிவு 2021-ஐவிடக் குறையாதபடி மதிப்பெண்ணைச் சேர்த்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய அளவைவிட அது சுமார் 7 சதவீதம் அதிகம். 2025-இல் அதை சுமார் 5.5-ஆகக் குறைத்தார்கள்.

இதனால் உங்கள் மகளுக்கு என்ன நட்டம்? அவளோடு எழுதுகிறவர்களைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றுமில்லை. விண்ணப்பங்களைக் கையாளும் கால்வே அலுவலகமான சிஏஓ, எல்லோரையும் புள்ளி வரிசையில் நிறுத்தி மேலிருந்து இடம் தருகிறது. எல்லோருக்கும் ஏறினால் வெட்டுப்புள்ளியும் கூடவே ஏறும். பாதிப்பு வேறு ஆண்டின் முடிவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவரால் வருகிறது. 2020-இல், 2019-இன் இறுக்கமான தரங்களோடு விண்ணப்பித்தவர்கள் அப்படித்தான் பின்தங்கினார்கள்.

அரசியல் உண்மையிலேயே உங்கள் வீட்டுக்குள் நுழைவது இன்னோர் இடத்தில். ஃபோலி 2023-இல் பாடத்திட்ட மாற்றத்தின் கால அட்டவணையை முன்னிழுத்ததால், 2025 செப்டம்பரில் ஐந்தாம் ஆண்டு தொடங்கியவர்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், வணிகவியல் ஆகியவற்றில் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் 40 சதவீதம் எழுத்துத் தேர்வுக்கு வெளியே, செய்முறை ஆய்விலோ திட்டப் பணியிலோ கிடைக்கும். செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிவிடுவார்களே என்ற கவலை, ஆய்வக வசதி எல்லாப் பள்ளிக்கும் ஒன்றல்ல என்ற புகார் எல்லாவற்றையும் மீறி இரண்டு ஆசிரியர் சங்கங்களில் ஒன்றான டியுஐ ஒப்புக்கொண்டது; இன்னொன்றான ஏஎஸ்டிஐ வாக்கெடுப்பில் மறுத்தும் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் வீடுகளில் ஜூன் மாதத்துக்காகத்தான் பிள்ளைகளைத் தயார்செய்கிறோம். அந்தப் பாடங்களில் இரண்டோ மூன்றோ எடுத்திருந்தால், ஆய்வு ஒப்படைக்கும் தேதிகளை இப்போதே பள்ளியில் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இடம் கிடைத்தபின் ஓராண்டு ஓய்வெடுக்கும் எண்ணம் வந்தால், இடத்தை ஏற்காமல், பதில் தரவேண்டிய நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி ஒத்திவைக்கச் சொல்லுங்கள். கல்லூரி சம்மதித்தால், மறு ஆண்டு சிஏஓ-வில் அந்த ஒரே படிப்பை மட்டும் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதாக வேறொரு படிப்பைச் சேர்த்தாலும் ஒத்திவைத்த இடம் போய்விடும். புதியவர்களோடு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.